உபகாரப் பேய்

அன்புள்ள அக்காவுக்கு,

கமா எழுதுகிறேன். பெரியவர்களுக்குச் சிவப்பு மையில் கடிதம் எழுதுவது மரியாதை இல்லை என்று எனக்கும் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள், காரணம் போகப்போகத் தெரியும். தாள்களின் பின்பக்கத்தில் தேனீ வளர்ப்பைப் பற்றி அச்சாகியிருக்கும். நம் பதிப்பகத்தின் பழைய புரூஃப்தான். நான்காம் அத்தியாயத்தில் செத்துப்போன ராணித் தேனீ ஒன்பதாம் அத்தியாயத்தில் முட்டையிடுகிறது. ஆசிரியரிடம் கேட்டதற்கு, "அது வேற ராணிம்மா" என்று சொல்லியனுப்பிவிட்டார். நீங்கள் இருந்திருந்தால் அவரை லேசில் விட்டிருக்க மாட்டீர்கள்.

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? புது ஊரில் மூன்றாவது மாடி வீடு என்று கேள்விப்பட்டேன். லிஃப்ட் உண்டா? இங்கே அலுவலகத்தில் உங்கள் நாற்காலிக்கு இன்னும் ஆள் வரவில்லையாம். அதில் அகராதிகளை அடுக்கி வைத்திருக்கிறார்களாம். "அந்தம்மா உக்காந்திருந்த மாதிரியே இருக்கு, கனமா, வாயத் திறந்தா வார்த்தை" என்று பக்கம் கட்டும் நம் லேஅவுட் அம்மா சொன்னார். கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் சொன்னதல்ல.

எல்லாவற்றையும் 'ஆம்' போட்டே எழுதுகிறேன் என்று கவனித்திருப்பீர்கள். நான் அலுவலகம் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. வீட்டிலிருந்தே பிழைதிருத்துகிறேன். புதன்தோறும் லேஅவுட் அம்மா துணிப்பையில் புரூஃப் கொண்டுவந்து கொடுப்பார், திருத்தியதை வாங்கிக்கொண்டு போவார். "பஸ்ல இடிபட்டு போய் வரணும்னு என்ன தலையெழுத்தா? வேலைய இங்கேயே வரவழைச்சிடலாம்" என்று என் கணவர்தான் நம் மேலாளரிடம் பேசி ஏற்பாடு செய்தார். மேலாளருக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. அவரை யாருக்குத்தான் பிடிக்காது? கல்யாணத்தன்று நீங்களே என் காதில், "இவர விட்டுடாத, கெட்டியா பிடிச்சுக்க" என்று சொன்னீர்கள்.

நம் நான்கு தோழிகளின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், நீங்கள் இல்லாமலும் நின்றுபோகவில்லை. மாதத்தின் மூன்றாம் ஞாயிறு, மதியம் மூன்று மணி, திரைச்சீலையை இழுத்துவிட்டு ஒயினும் பேய்க்கதையும். நேரம்கூட மாறவில்லை. பேய்க்கதைக்கு ராத்திரிதானே பொருத்தம் என்று பல் டாக்டர் கேட்டபோது, "ராத்திரியில யாருக்கும் பயம் வரும்டி. பட்டப்பகல்ல வரவழைக்கணும், அதுதான் கதை" என்றீர்களே, அந்தச் சட்டமே இன்னும் நடக்கிறது. பல் டாக்டர் இப்போது சொந்தமாகக் கிளினிக் வைத்துவிட்டாள். ஓவியக்காரி மாறவே இல்லை. நகக்கண்ணெல்லாம் வண்ணம், பையில் பாதி தின்ற பிஸ்கட், எப்போதும் ஒரு மணி நேரத் தாமதம்.

உங்கள் வீட்டில் கூடியபோது கோப்பைகள் ஒன்றுக்கொன்று சேராது. ஒன்று காது உடைந்த காபிக் கோப்பை, ஒன்று பல் டாக்டர் எங்கிருந்தோ கொண்டுவந்த, மருந்து அளக்கும் கண்ணாடிக் குவளை. கார்க் திறப்பான் கடைசிவரை வாங்கவில்லை. ஸ்க்ரூடிரைவரால் கார்க்கை உள்ளே குத்தித் தள்ளுவீர்கள். துணுக்கு மிதக்கிறதே என்றால், "நார்ச்சத்து, பேசாம குடி" என்பீர்கள். கதை முடிந்ததும் பயந்தவர்கள் மிச்சத்தைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்து வைக்க வேண்டும். எத்தனை கோப்பை கவிழ்கிறதோ அவ்வளவு நல்ல கதை. ஏரிக்கரையில் பின்னாலேயே நடந்து வந்து, நாம் நின்றால் மட்டும் நிற்க மறந்துவிடும் காலடிச் சத்தத்தைப் பற்றி நீங்கள் சொன்ன நாளில் மூன்றும் கவிழ்ந்தன. வீட்டுக்குத் திரும்பும்போது நாங்கள் மூவரும் கைகோத்துக்கொண்டு, நிற்காமல், ஓட்டமும் நடையுமாகப் போனோம். பட்டப்பகல் ஐந்து மணிக்கு.

இன்னொரு விதியும் நீங்கள் போட்டதுதான். செத்துப்போன தன் அக்கா மாடிப்படியிலிருந்து இரண்டு முறை தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக ஓவியக்காரி ஒருநாள் சொன்னாள். பல் டாக்டர், "நிஜமாவா, இல்ல சும்மா விடறியா?" என்று கேட்டுவிட்டாள். ஓவியக்காரி கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனவள், இரண்டு மாதம் வரவே இல்லை. அவளைச் சமாதானப்படுத்தி அழைத்து வந்த அன்று நீங்கள் சொன்னீர்கள், "இனிமே இந்தக் கூட்டத்துல எவளும் நிஜமான்னு கேக்கக் கூடாது. கதைன்னா கதை. கேட்டா ஒயின் கிடையாது." அன்பினால் போட்ட விதி அது. அதற்குப் பிறகுதான் நாங்கள் மனதில் கிடந்ததையெல்லாம் பேய்மேல் ஏற்றிச் சொல்லக் கற்றுக்கொண்டோம். அந்த விதியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருப்பதால் இதையெல்லாம் ஞாபகப்படுத்துகிறேன். உங்களைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள்.

நீங்கள் ஊர் மாறிய பிறகு இரண்டு கூட்டம் பல் டாக்டர் வீட்டில் நடந்தது. மூன்றாவதிலிருந்து எங்கள் வீட்டில். "நீங்க எல்லாம் எதுக்கு அலையணும்? இங்கேயே வாங்க, ஒயின் என் பொறுப்பு" என்று அவர்தான் அழைத்தார். ஒரே மாதிரியான ஆறு கோப்பைகள் வாங்கினார், நீளக் காம்பு வைத்தவை. நீங்கள் போகும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போன பழைய கோப்பைகளைக் காணோம். நல்ல கார்க் திறப்பானும் வந்தது. இப்போது ஒயினில் ஒரு துணுக்கும் மிதப்பதில்லை.

அவர் கூட்டத்தில் உட்கார மாட்டார். "பொம்பளைங்க பேச்சுல நான் எதுக்கு" என்று பக்கத்து அறையில் இருப்பார். நடுவில் கதவில்லை, மணித்திரைதான். சரியான நேரத்தில் பழம் நறுக்கிய தட்டோடு வருவார். பல் டாக்டர் ஒருமுறை, ஒரு பழைய மருத்துவமனையில் இல்லாத மாடியில் போய் நிற்கும் லிஃப்டைப் பற்றிச் சொன்னாள். அவர் லிஃப்ட் நிறுவனத்தில் பராமரிப்புப் பொறியாளர் அல்லவா, சிரித்துக்கொண்டே வந்தார். "லிஃப்ட் அப்படியெல்லாம் தப்பான மாடிக்குப் போகாதும்மா. நின்னுதான் போகும். உள்ள மாட்டிக்கிட்டவங்க முதல்ல கத்துவாங்க, பட்டன எல்லாம் அமுக்குவாங்க. அப்புறம் கொஞ்ச நேரத்துல சமாதானமாகி உக்காந்துடுவாங்க. அதுக்கப்புறம் எங்களுக்கு அவசரமே இல்ல" என்றார். பல் டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தாள். "அண்ணா, உங்க கதைதான் எங்க கதையவிட பயங்கரம்" என்றாள். என்னைப் பார்த்து, "உனக்கு மட்டும் எங்கேருந்துதான் கெடச்சாரோ" என்றாள். எல்லாரும் கேட்கும் கேள்விதான்.

நான் சுற்றி வளைக்கிறேன். ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிந்ததை ஒரு பத்தியாக இழுக்காதே என்று எத்தனை முறை எனக்குச் சொல்லியிருப்பீர்கள். அந்த ஒரு வாக்கியம் இதுதான்: எனக்கு இந்த வீட்டைவிட்டு வெளியே வர வேண்டும், வர முடியவில்லை.

எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன், பிழை இல்லை. இப்போது மீண்டும் தொடர்கிறேன்.

அவர் அடிப்பதில்லை. குரலை உயர்த்தியதுகூட இல்லை. அடித்திருந்தால் சொல்வது சுலபம், காட்டுவதற்கு ஏதாவது இருந்திருக்கும். அம்மாவிடம் தொலைபேசியில் சொல்லிப் பார்த்தேன். "குடிக்கிறானா? கை நீட்டறானா? வேற எவகூடயாவது பழக்கமா? எதுவும் இல்லல்ல? அப்புறம் என்னடி குறை, நூத்துல ஒருத்தன்" என்றாள். அவர் பக்கத்தில்தான் இருந்தார். ஸ்பீக்கர் போட்டிருந்தது. "அத்தை, உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்" என்று அவரும் இரண்டு வார்த்தை பேசினார்.

எங்கள் வாசல் கதவில் புதுப் பூட்டு போட்டிருக்கிறார். கதவு திறந்தால் அவருடைய கைபேசியில் மணி அடிக்கும். லேஅவுட் அம்மா வந்து கதவைத் திறந்தால் அடுத்த நிமிடம் அழைப்பு வரும், "அம்மா வந்தாச்சா? டீ குடுத்தியா?" என்று. எவ்வளவு அக்கறை என்று லேஅவுட் அம்மாவே முதலில் மெச்சினார். கூடத்தில் கேமரா இருக்கிறது, திருட்டுப் பயத்துக்காக. என் சான்றிதழ்கள் அவர் அலுவலகத்துப் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கின்றன. இந்தக் கடிதத்தை என் வேலை மேசையில், கேமராவுக்கு எதிரே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். புரூஃப் தாளில் சிவப்புப் பேனாவால் எழுதினால் திருத்துவது போலவே இருக்கும். நீல மை எடுத்தால் என்ன எழுதுகிறாய் என்ற கேள்வி வரும். மரியாதைக் குறைவுக்குக் காரணம் இதுதான்.

சமையலறையில் ஒருமுறை பல் டாக்டரைத் தனியாகப் பிடித்தேன். கையில் பழத்தட்டு, மணித்திரைக்கு அந்தப் பக்கம் அவர். "எனக்கு இங்க மூச்சு முட்டுது" என்று மட்டும் சொன்னேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். நல்லவள் அல்லவா, அன்று கிளம்பும்போது அவரைத் தனியே அழைத்து, "அண்ணா, இவளுக்கு ஏதோ பதற்றம். ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொல்லிவிட்டாள். அவர் உடனே காட்டினார். டாக்டர் கேட்டதற்கெல்லாம் பக்கத்து நாற்காலியிலிருந்து அவரே பதில் சொன்னார். இரவில் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதை அவரே மறக்காமல் எடுத்துத் தருகிறார்.

அதற்குப் பிறகுதான் கதையாகச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். பேய்மேல் ஏற்றிச் சொன்னால் அவருக்குப் புரியாது, தோழிகளுக்குப் புரியும் என்று நினைத்தேன். வருடக்கணக்காகப் பக்கம் பக்கமாகப் படித்தவளின் திமிர் அது. நான் சொன்ன கதையை அப்படியே எழுதுகிறேன்.

ஒரு பெண் ஒரு வீட்டுக்குக் குடிபோகிறாள். அங்கே ஒரு பேய் இருக்கிறது. கெட்ட பேய் அல்ல, உபகாரப் பேய். தாகம் என்று நினைப்பதற்குள் தண்ணீர் கைக்கு வரும். மழை வருவதற்கு முன்பே ஜன்னல் சாத்திக்கொள்ளும். முதல் மாதம் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒருநாள் குடையைக் காணோம். "மழையில நீ எதுக்கு நனையணும்" என்றது பேய். அடுத்து செருப்பு. "கல்லு முள்ளுல நீ எதுக்கு நடக்கணும்." அவளுக்கு வந்த கடிதங்களைப் பேயே படித்தது, பேயே பதில் எழுதியது, அவளுடைய கையெழுத்தில், அவள் எழுதுவதைவிட அழகாக. தோழிகள் வாசலில் வந்து கூப்பிட்டால் அவள் குரலிலேயே "நல்லா இருக்கேன்" என்றது. ஒருநாள் அவள் வாய்விட்டுக் கத்திப் பார்த்தாள். சத்தம் வெளியே வரத்தான் செய்தது. ஆனால் தெருவில் போனவர்களுக்கு அது பாட்டாகக் கேட்டது. "குடுத்து வச்சவ, பாட்டு பாடிட்டிருக்கா" என்று சொல்லிக்கொண்டே போனார்கள். கதை அவ்வளவுதான்.

ஒரு கோப்பையும் கவிழவில்லை. "இந்தப் பேய எங்க வீட்டுக்கு ஒரு வாரம் அனுப்பி வையேன். பாத்திரம் கழுவுமான்னு மட்டும் கேட்டுச் சொல்லு" என்றாள் பல் டாக்டர். ஓவியக்காரி, "முடிவு நிக்கல கமா. அந்தப் பேய் எதுக்கு அப்படிப் பண்ணுது? ஆசை தீராம செத்திருக்கணும், இல்ல யாரயாவது பழி வாங்கணும். ஒரு காரணம் வேணாமா?" என்றாள். பேசிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். பார்வையை எடுக்கவில்லை. கையில் கோப்பையைப் பிடித்தபடி, "கமா, இது..." என்று ஆரம்பித்தாள். நான் காத்திருந்தேன். அவள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, கேக்கக் கூடாதுல்ல" என்று சிரித்துவிட்டு மிச்ச ஒயினைக் குடித்தாள்.

மணித்திரையை விலக்கிக்கொண்டு அவர் வந்தார். பழத்தட்டை நடுவில் வைத்தார். யாருக்கும் ஊற்றாத காலிக் கோப்பை ஒன்று மேசையில் இருந்தது. அதன் காம்பைப் பிடித்து மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். "நான் பயந்துட்டேன்ப்பா" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அந்தக் கதைக்குக் கவிழ்ந்த ஒரே கோப்பை அதுதான். அன்று கோப்பைகளைக் கழுவும்போது, துடைத்துத் துடைத்து அலமாரியில் வைத்தபடி என்னிடம் சொன்னார், "கதை நல்லா இருந்துச்சு. ஆனா அந்தப் பேய்க்கு அவ மேல எவ்வளவு பிரியம், அத நீ சொல்லவே இல்லையே."

பேய்க்கதைகள் எத்தனையோ தேசத்தில் எத்தனையோ விதம் என்று படித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் பேய் வெளியிலிருந்துதான் வரும். தட்டினால் திறக்காதே, கூப்பிட்டால் திரும்பாதே என்றுதான் எச்சரிப்பார்கள். ஏற்கெனவே உள்ளே இருந்துகொண்டு, விருந்தாளிகளுக்குப் பழம் நறுக்கித் தருவதைப் பற்றி யாரும் எச்சரித்ததாக நினைவில்லை. ஓவியக்காரிக்குக் கதை மனதிலேயே கிடந்திருக்கிறது போலும். அடுத்த மாதம் ஒரு படம் வரைந்து கொண்டுவந்தாள். உருண்டைக் கண்ணோடு சிரிக்கும் ஒரு குண்டுப் பேய், இரண்டு கையிலும் குடையும் செருப்பும். அவ்வளவு அழகு. அவர் அதற்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். இப்போது நிமிர்ந்தால் அது தெரிகிறது.

எழுதிக்கொண்டிருக்கும்போதே கைபேசி அடித்தது. அவர்தான். "ரொம்ப நேரமா தலையத் தூக்காம எழுதிட்டே இருக்கியே, கழுத்து வலிக்கப் போகுது. எழுந்து கொஞ்சம் நட" என்றார். செத்துப்போன ராணித் தேனீ மறுபடி முட்டையிடுகிறது, ஆசிரியருக்குக் குறிப்பு எழுதுகிறேன் என்றேன். சிரித்தார். கூடத்தில் பத்து முறை நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். கடந்த எட்டு மாதமாக என் எண்ணிலிருந்து உங்களுக்கு வந்த செய்திகள் நான் எழுதியவை அல்ல. பிறந்தநாள் வாழ்த்தும், நாங்கள் இருவரும் மலைக்குப் போன படங்களும், "அக்கா, வாழ்க்கை ரொம்ப அமைதியா போகுது" என்ற வரியும் அவர் எழுதியவை. உங்கள் அப்பா போய்விட்டார் என்று நீங்கள் செய்தி அனுப்பிய அன்று ஒரு நீளமான ஆறுதல் வந்திருக்கும். அதுவும் அப்படியே. எனக்கு அந்தச் செய்தி மூன்று வாரம் கழித்து, ஓவியக்காரி பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரியும். அப்பா நம் அலுவலகத்துக்கு வரும்போதெல்லாம் என் மேசையில் ஒரு மிட்டாய் வைத்துவிட்டு, கேட்டால் தனக்குத் தெரியாது என்பாரே. அவருக்காக நான் ஒரு வரிகூட எழுதவில்லை அக்கா. அந்த ஆறுதல் நன்றாக இருந்தது என்று நீங்கள் பதில் போட்டிருந்தீர்களாம். அவர் அதைப் படித்துக் காட்டினார்.

இப்போது நடந்துகொண்டிருப்பதைச் சொல்கிறேன். கதை தோற்றபின் எனக்கு ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. புரூஃபில் சந்தேகம் வந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு எழுதுவோம், லேஅவுட் அம்மா பச்சை மையில் பதில் எழுதி அனுப்புவார் அல்லவா? அவருக்குக் கூட்டமும் தெரியாது, நம் விதியும் தெரியாது. தேனீப் புத்தகத்தின் முப்பத்தோராம் பக்கத்து ஓரத்தில், ஒரு கடிதத்தைத் தபாலில் சேர்க்க முடியுமா, வீட்டில் தெரியக் கூடாது என்று எழுதி அனுப்பினேன். அடுத்த புதன் பதில் வந்தது. "முடியும். உள்ளபடி சொல்லு, அங்க உனக்கு என்ன நடக்குது?" பச்சை எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன். பிறகு எட்டு வாரமாக ஓரங்களில் பேசிக்கொள்கிறோம். என் கணவருக்குப் புரூஃபைக் கண்டாலே கொட்டாவி வரும். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு வைத்துவிடுவார். புத்தகம் எப்போதோ அச்சுக்குப் போயிருக்க வேண்டியது. நாங்கள் பேசி முடிக்கவில்லை என்பதற்காக லேஅவுட் அம்மா அதைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கிறார். ஆசிரியர் தினமும் அலுவலகத்துக்கு வந்து சண்டை போடுகிறாராம்.

அவசரம் என்னவென்றால், என் கணவர் மாற்றல் கேட்டு வாங்கியிருக்கிறார். மலைப் பக்கம் ஒரு அணைக்கட்டில் லிஃப்டுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை, நிறுவனமே கட்டிக் கொடுத்த குடியிருப்பு. அக்கம்பக்கம் நாலு வீடுதான், அமைதியான இடம் என்கிறார். அங்கே புரூஃப் வராது. "உனக்கும் கண்ணுக்கு ஓய்வு வேணும்ல" என்றார். மாதக் கடைசியில் லாரி வருகிறது. இந்த ஞாயிறு தோழிகள் வழியனுப்பு வைக்கிறார்கள். பல் டாக்டர் நல்ல ஒயின் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவர்கள் இருவரிடமும் இதைச் சொல்லவில்லை. அன்பு மிகுதியில் அவரிடம் சொல்லிவிடுவார்கள்.

அதனால் அடுத்த புதன்கிழமை. அச்சுக்குப் போகும் முன் பிழைதிருத்துநர் நேரில் வந்து கடைசித் தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்று லேஅவுட் அம்மா அலுவலகத் தாளில் கடிதம் கொடுத்திருக்கிறார். அப்படி ஒரு விதி நம் அலுவலகத்தில் என்றுமே கிடையாது என்று உங்களுக்குத் தெரியும். என் கணவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, தானே காரில் கூட்டிப்போய்க் கூட்டி வருவதாகச் சொன்னார். வரவேற்பறையில் உட்காருவார். மேலாளர் பேச்சுக் கொடுப்பார், இருவருக்கும் பேச நிறைய இருக்கும். மேலாளருக்கு ஒன்றும் தெரியாது. நான் லேஅவுட் அறைக்குப் போய், அங்கிருந்து காகிதக் கிடங்கு வழியாகப் பின்வாசல். அங்கே லேஅவுட் அம்மாவின் தங்கை ஸ்கூட்டரோடு நிற்பார். காலை பதினொன்றே முக்காலுக்கு ரயில். வியாழன் காலை ஏழு மணிக்கு உங்கள் ஊர்.

உங்களைக் கேட்காமலே டிக்கெட் எடுத்தாகிவிட்டது. கேட்டுப் பதில் வாங்க வழி இல்லை. நீங்கள் வேண்டாம் என்று சொல்லக் கூடியவர் இல்லை என்ற தைரியம்தான். கைப்பை தவிர எதுவும் கொண்டுவர மாட்டேன். கைபேசியையும் இங்கேயே விட்டுவிடுவேன். உங்கள் விலாசத்தைப் பச்சை மையில் எழுதி வாங்கி மனப்பாடம் செய்து, அந்த ஓரத்தைக் கிழித்து மென்று விழுங்கிவிட்டேன். காகிதத்துக்குக் கொஞ்சம் உப்பு போட்டிருக்கலாம்.

சில வேண்டுகோள்கள். இந்தக் கடிதம் கிடைத்ததும் எனக்கு ஃபோன் செய்யாதீர்கள். பதில் எழுதாதீர்கள். வழக்கம்போல் என் எண்ணுக்கு ஏதாவது சாதாரணமாக, முழங்கால் வலியைப் பற்றியோ வெயிலைப் பற்றியோ அனுப்புங்கள். அவர் அன்பாகப் பதில் அனுப்புவார். நீங்களும் அன்பாகவே இருங்கள், புதன்வரைக்கும்.

வியாழன் காலை எட்டு மணிக்குள் நான் உங்கள் கதவைத் தட்டாவிட்டால் ரயில் தாமதம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். அன்றே கிளம்பி வாருங்கள். முழங்கால் வலியோடு வரச் சொல்கிறேனே என்று வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் வாருங்கள். அவர் வாசலுக்கே வந்து வரவேற்பார், உங்கள் பையை வாங்கிக்கொள்வார். நானும் பக்கத்தில் நின்று, "இது என்னக்கா, சொல்லாம கொள்ளாம" என்று சிரிப்பேன். இந்தக் கடிதத்தைப் பற்றிக் கேட்டால், அது சும்மா, மாத்திரையால் வந்த குழப்பம் என்பேன். மிகவும் நன்றாக இருக்கிறேன் என்று சத்தியம்கூடச் செய்வேன். தயவுசெய்து என்னை நம்பாதீர்கள். என் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போய்விடுங்கள். நான் வர மறுத்தாலும்.

பெரியவர்களை வாழ்த்த எனக்கு வயதில்லை. அப்பாவின் ஆன்மா சாந்தி அடையட்டும், இது நானே எழுதியது. உங்கள் முழங்கால் சீக்கிரம் குணமாகட்டும். உங்கள் வீட்டுக்கு எப்போதும் ஆட்கள் வந்துபோய்க்கொண்டே இருப்பார்கள் என்று தெரியும். இந்த ஒரு வாரம் மட்டும் வேறு விருந்தாளி யாரும் வராமல், கூடத்துச் சோபா காலியாகவே கிடக்கட்டும்.

என்றும் உங்கள்,
கமா